ரோஸா, மஞ்சளா?

ஆய்வுக்கூடத்து வெதுவெதுப்புப் பெட்டியின் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது மஞ்சள்தான். உள்ளே இரண்டு குடுவைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. மருந்து போடாதது மஞ்சள், அது தெரிந்ததுதான். மருந்து போட்டது அதைவிட மஞ்சள். எலுமிச்சம்பழம் பார்த்தால் வெட்கத்தில் தலை குனிந்திருக்கும்.

முப்பத்து நான்கு வருடம் இதே ஆய்வுக்கூடத்தில் செல்களுக்குச் சாப்பாடு போட்டவன் நான். நான் வளர்த்தவற்றை வரிசையில் நிற்க வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று அவை விம்மி விம்மி அழுததாக ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான். அவற்றின் சாப்பாடு ரோஸ் நிறத் திரவம். தின்று பெருகப் பெருகக் கழிவு சேர்ந்து, புளித்து, மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டால் உறிஞ்சி எடு, புது ரோஸை ஊற்று. ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், மழை எதுவும் சாக்கு இல்லை. என் மனைவி இந்த இடத்துக்கு வைத்த பெயர் 'சின்ன வீடு'. "கட்டினவளுக்கு ஒரு நாளாவது ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்திருப்பீங்களா? அங்க மட்டும் வேளா வேளைக்கு விருந்து!"

இப்போது குடுவைகளில் இருப்பது அவள்தான். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை ஊசி குத்தி எடுத்தபோது, அதில் மிதந்த புற்றுநோய்ச் செல்களைப் பிரித்து இங்கே கொண்டுவந்தோம். அவற்றுக்குச் சாப்பாடு போட ஓய்விலிருந்து நானும் திரும்பி வந்தேன். "கடைசில நானே உங்க சின்ன வீட்டுக்குக் குடி வந்துட்டேன் பாத்தீங்களா" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். நல்ல செல்லுக்கு நாகரிகம் தெரியும். பக்கத்துச் செல்லின் தோள் இடித்ததும் போதும் என்று நின்றுவிடும். அவளுடையவற்றில் 'வளரு' என்று உத்தரவு போடும் புரதம் ஒன்று, அழுந்தியபடியே மாட்டிக்கொண்ட அழைப்புமணிப் பொத்தான் மாதிரி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறிப் பெருகுகின்றன. அந்தப் பொத்தானை விடுவிக்க ஒரு புது மருந்து. குடுவையில் வேலை செய்தால் அவளுக்கும் கொடுப்பார்கள். செய்யாவிட்டால் கொடுக்க வேறு எதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் மேசையைப் பார்த்தபடி சொல்லிவிட்டார். அவளுக்கு நான் சுருக்கிச் சொல்லியிருந்தேன்: ரோஸாகவே இருந்தால் செத்துவிட்டன, மஞ்சள் என்றால் கொழுக்கின்றன.

சத்தியமாக யோசிக்கவில்லை. கை தன்னால் போயிற்று. மருந்துக் குடுவையின் மஞ்சளை உறிஞ்சியது, புது ரோஸை ஊற்றியது, மூடியைத் திருகியது. பழக்கம் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் அந்தக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் ஒரு படம் எடுத்தேனே, அந்தப் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆய்வுக்கூடத் தலைவி வந்தாள். உயரம் கம்மி என்பதால் எங்களுக்கு அவள் குட்டி டாக்டர். குடுவையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தேவைக்கு மேல் நேரம் பார்த்தாள்.

"சார், இதுல மருந்தில்லாம மாத்திட்டீங்களா?"

"கை பழகிப்போச்சும்மா. பரிசோதனையைக் கெடுத்துட்டேன். இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாமில்ல?"

"கெடல சார். நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். மருந்து போட்டதும் போடாததும் ஒரே மாதிரிதான் ஏறியிருக்கு." கண்ணை எடுக்காமலே சொன்னாள். "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான்..."

நானும் பார்த்தேன். வட்ட வெளிச்சத்துக்குள் அவள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தாள். தேர்தல் கூட்டம் தோற்கும். அவ்வளவு ஆரோக்கியமாக அவளை நான் பார்த்து ஆறு மாதம் ஆகிறது.

"வீட்டுல நான் வந்து சொல்லட்டுமா சார்?"

"வேண்டாம்மா. பெரிய வீட்டுல நானே பேசிக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு முப்பத்து நான்கு வருடத்தில் கிடைத்த முதல் தோல்வி.

வீட்டில் மனைவி இரண்டு தலையணைகளைக் கட்டிப்பிடித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது. காலையில் வைத்த பால் ஏடு கட்டி அப்படியே இருந்தது.

"என்னங்க, ரோஸா மஞ்சளா?"

வழியெல்லாம் பதில்கள் தயார் செய்திருந்தேன். போனை நீட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தருகே கொண்டுபோனாள்.

"அட! பளபளன்னு இல்ல இருக்கு. செத்துப்போனதுங்களுக்கு இவ்வளவு அழகா?"

"யாரோடது? உன்னோடதாச்சே."

"போதும், போதும்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"வெயிலு."

ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டு தூறிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"எடுத்துட்டு வர்றேன்" என்றேன். எடுப்பதற்கு முன்னால் அவற்றுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

போனை அவள் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மோவாயிலும் கழுத்துக் குழியிலும் லேசாக ரோஸ் படிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது. விரலால் தொட்டாள். மறுபடி ரோஸ். அணைந்தது. தொட்டாள்.