கதவு கேட்ட கையெழுத்து

எங்கள் தையல் ஆலைச் சங்கத்தில் யாரும் வரிசையாகக் கையெழுத்துப் போடமாட்டார்கள். வட்டமாகத்தான் போடுவார்கள். முதல் பெயர் யாருடையது என்று தெரிந்தால் நிர்வாகம் அவளைத்தான் முதலில் வெளியே தள்ளும். ஷிப்ட் மாறும் கால் மணி நேரத்தில் வெற்றுத்தாளைச் சுற்றி ஆளுக்கொரு கையெழுத்து; நடுவில் எழுதவேண்டியதைச் செயலாளர் பிறகு எழுதிக்கொள்வார். இருபது வருடம் எங்களைக் காப்பாற்றிய நம்பிக்கை அது. சங்கம் கட்சியானதும் அதுவே எங்கள் கழுத்தை அறுத்தது.

நகராட்சித் தேர்தலுக்கு எங்கள் வார்டில் அம்மா நிற்பதென்று ஆலை வாசலில் கைதூக்கி முடிவெடுத்தார்கள். அம்மா காலர் தைப்பவள். நிர்வாகம் ஆலையைப் பூட்டியபோது கேட்டுக்கு முன்னால் நாற்பத்தோரு நாள் உட்கார்ந்து போராடியவள். வேட்புமனுப் படிவம் வாங்கிக்கொண்டு, வீட்டின் முதல் பட்டதாரியான நான் கட்சி அலுவலகத்துக்குப் போனேன். பழைய சங்க அறைதான். புதிதாக ஒரு சுழல்நாற்காலி, அதில் செயலாளர்.

"வேட்பாளர் நம்ம வக்கீல் தம்பிம்மா. உங்கம்மாவே ஆதரிச்சிருக்காங்க, பாரு."

அவர் நீட்டிய தாளில் வட்டமாக முப்பது கையெழுத்து. அம்மாவுடையதும் இருந்தது. நடுவில், புது மையில், வக்கீலின் பெயர்.

"இது கழிப்பறைக்குக் கதவு கேட்டுப் போட்டது!"

"கத்தாத. சபையில பேசத் தெரியணும்ல?"

"கேட்டுக்கு முன்னாடி பேசினது யாரு, உங்க நாற்காலியா?"

"படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

"படிச்சதாலதான் இதோட நிறுத்தறேன்."

தாளைப் பிடுங்கிக்கொண்டு ஆலை வாசலுக்கு ஓடினேன். ஷிப்ட் விட்டிருந்தது. 'பொத்தான்' என்று எல்லோரும் கூப்பிடும் அக்கா வாங்கிப் படித்தாள்.

"அடியே, கக்கூஸுக்குக் கதவு கேட்டோம், வக்கீலை மாட்டியிருக்கானுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனு வச்சிருக்கியா?"

"இருக்கும்மா. ஆனா கட்சிச் சின்னம் தரமாட்டாங்க."

"சின்னம் கெடக்குது. மொதல்ல என் பேரை எழுது. அப்புறமா கையெழுத்து வாங்கு."

எழுதினேன். முன்மொழிபவர்கள் கையெழுத்துப் போடப் பத்துக் கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக. வட்டம் போட இடமே இல்லை. சிரிப்பு அடங்கியது. காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். முதல் கோட்டை யாரும் தொடவில்லை. அம்மாவே பேனாவை எடுத்தாள்.

"உனக்கு நீயே முன்மொழிவியா? தள்ளுடி," என்று பொத்தான் அக்கா பேனாவைப் பிடுங்கினாள். காவலாளியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்: "மொதப் பேரு என்னுது. நல்லாப் பாத்துக்கோ!"