ஃபிரிட்ஜில் தூங்கும் அண்ணன்

எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை ஒரு மருந்து. நான் இரண்டாவது. பள்ளிக்கூடத்தில் "உங்க அண்ணன் என்ன பண்றான்?" என்று கேட்டால் "ஃபிரிட்ஜில் தூங்குகிறான்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அப்பா டாக்டர் வேலாயுதப்பெருமாள் முதலில் பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதும் அதுதான் நடந்தது. அம்மா காப்பித் தட்டோடு வந்தாள். பாதி வழியில் கை தளர்ந்து, தட்டை டிவி மேசை மேல் வைத்துவிட்டு நின்றுவிட்டாள். இமை இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. பொண்ணுக்கு வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவருக்குப் பெயர் தெரிந்துவிட்டது. தசைகள் கொஞ்சங்கொஞ்சமாகக் களைத்து ஓய்ந்துபோகிற நோய். அம்மாவுக்கு வந்திருந்த வகைக்கு அன்றைக்கு மருந்தே கிடையாது. எழுந்துபோய் ஒரு தம்ளரைத் தானே எடுத்துக் குடித்துவிட்டு, "எனக்குச் சம்மதம்" என்றார்.

மறு வருஷம் அண்ணன் பிறந்தான், சென்னையில் ஒரு நிறுவனத்தின் எஃகுத் தொட்டியில். மருந்தை வளர்த்து ஆளாக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும், கிளினிக்கையும் வைத்துக்கொண்டு இதையும் பார்க்க முடியாது என்று நிறுவனத்தார் கறாராகச் சொன்னார்கள். அப்பா கிளினிக்கைப் பூட்டினார். நோயாளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரயிலடி வரை வந்தார்கள். அடுத்து நான் பிறந்தேன், சாதாரணமாக.

பாஸாகும்வரை மருந்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். அண்ணனுடைய எண் நானூற்றுப் பதினேழு. அம்மா செல்லமாகப் 'பதினேழு' என்பாள். அவன் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வான். வெயில் ஆகாது. உறைய வைக்கிற குளிரும் ஆகாது. முக்கியமாக, குலுக்கவே கூடாது. அதனால் அவன் ஊஞ்சல் ஆடியதில்லை, சைக்கிள் ஓட்டியதில்லை. எங்கள் தெருவின் மேடு பள்ளத்துக்குப் பயந்து அப்பா அவனை இரண்டு கையிலும் ஏந்தி நடந்தே அலுவலகம் போவார். என்னை ஒருநாள் அப்படித் தூக்கியிருப்பாரா? முட்டி பேர்ந்து வந்து நின்றால் "டெட்டால் போடு" என்பார், அவ்வளவுதான். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் மாவு எடுக்கத் திறக்கும்போது அவன் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, அசையாமல் கிடப்பதைப் பார்த்தால் எரிச்சலெல்லாம் ஓடிவிடும். அப்படி ஒரு சுத்தம். கோயிலில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மாவை எடுப்பேன்.

அண்ணன் வகுப்பு ஏற ஏற அப்பாவுக்குப் பதவி ஏறியது. அவன் எலிகளோடு பழகிக்கொண்டிருந்தபோது அப்பா மேலாளர். முதல் பரீட்சையில் அவன் நல்ல உடம்புக்காரர்களுக்குள் முழங்கை வழியாகப் போய், ஒன்றையும் உடைக்காமல் சாயங்காலம் திரும்பி வந்தான். ஒருத்தருக்கு மட்டும் லேசான தலைவலி. அப்பா துணைத் தலைவரானார். இரண்டாம் பரீட்சையில் நோயாளிகள் சிலருக்குள் போய்வந்தான். அப்பா தலைமை நிர்வாகியாகிக் கோட்டுப் போட்டார். நிறுவனத்தின் இயக்குநர்கள் வீட்டுக்கு வந்து மிக்சரைக் கொறித்துக்கொண்டே, கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி கேட்பார்கள்: "பையன் எப்ப சார் வேலைக்குப் போவான்?" "பரீட்சை முடியட்டும்" என்பார் அப்பா.

இதற்குள் அம்மாவால் மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியாமல் போயிருந்தது. தலை சீவப் போனால் கை பாதியில் இறங்கிவிடும். மருந்து ஃபிரிட்ஜுக்குள் இருந்தது, நோய் அடுப்படியில் நின்றது, நடுவில் ஒரு கதவு. ஆனால் பரீட்சைக்கு வெளியே மருந்து யாருக்குள்ளும் போகக் கூடாது. "ஒரே ஒரு தடவை போய்ட்டு வரட்டுமேப்பா, யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன். அப்பா எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

மூன்றாம் பரீட்சைக்கு நிறுவனம் இன்னொருவனை அனுப்பியது. அண்ணனுடைய அதே மூக்கு, அதே மச்சம். உள்ளே வெறும் உப்புத்தண்ணீர். நோயாளிகளில் பாதிப் பேரிடம் அண்ணன் போவான், மீதிப் பேரிடம் இவன் போவான். யாருக்கு யார் என்று சீட்டுப் போட்டு, சீட்டுகளை வேறு ஊரில் பூட்டிவைத்துவிட்டார்கள். வருஷக் கடைசியில் யார் போன ஆட்கள் எழுந்து நடமாடுகிறார்கள் என்று பார்ப்பார்கள். அம்மாவும் பேர் கொடுத்தாள். பாதி வாய்ப்பாவது இருக்கிறதே.

முகம் பார்த்துச் சலுகை காட்டக் கூடாது என்பதால் அப்பாவுக்கு ஒரு கறுப்புத் துணி கொடுத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைக் கண்ணில் கட்டிக்கொள்வார். மறுநாள் காலையில் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவிழ்ப்பார். அந்த வருஷம் முழுக்க அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பளம் எங்கே என்று தடவித் தடவிச் சாப்பிடுவார்.

அம்மாவுக்கு வாய்த்தது யார் என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவன் அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, "வரலாமாம்மா?" என்று கேட்டான். எங்கள் அண்ணன் எங்கேயும் கேட்டுக்கொண்டு நுழைந்தவன் இல்லை.

அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. என் வாயைப் பொத்த அவள் கை எழும்பவில்லை. "ஏட்டி கோமு, சொல்லிராத. உங்கப்பா காதுல விழுந்தா பரீட்சை செல்லாது. அந்தப் பெட்டிக்குள்ள அவன் எத்தன வருஷம் அசையாம கெடந்திருக்கான்!"

"நீ செத்துப் போய்ட்டா?"

"அவன் வராத வீட்டுல ஆள் செத்துப்போவாங்கிறதும் தெரியணும்லா."

உப்புத்தண்ணி நல்ல பையன்தான். உள்ளே போய்த் தன்னால் ஆனதையெல்லாம் செய்தான். முதல் மாதம் அம்மா தானாகவே சடைகூடப் பின்னிக்கொண்டாள். அப்புறம் இறங்கிக்கொண்டே போனாள்.

ஒரு மத்தியானம் அண்ணன் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு தானே வெளியே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். வெளிச்சம் பட்டு அவன் தோள் மங்கத் தொடங்கியது. அம்மாவின் முழங்கை மேல் கையை வைத்தான்.

"இன்னைக்கு உனக்கு யாருல?" என்றாள் அம்மா.

"பெரம்பலூர்ல ஒரு டீச்சர்மா."

"அவளுக்கு என்ன செய்யுது?"

"போர்டுல எழுதக் கை தூக்க முடியல."

"அப்ப அங்க போ. பாவம், காத்துக்கிட்டு இருப்பா."

அவன் எழுந்திருக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணனுக்கு ஐஸ் பெட்டியை எடுத்து வை" என்றாள். எடுத்து வைத்தேன். வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா! அம்மாடி, அந்தப் பிரமிப்பு எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். முன்பெல்லாம் அம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்தால் ணங்கென்று சத்தம் கேட்கும். அந்த மார்கழியில் தட்டு தரையோடு தேய்ந்துகொண்டே வந்தது. அம்மா உட்கார்ந்தபடி முழங்கையால் நகர்த்திக்கொண்டு வந்தாள். அப்பாவின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. செருப்புச் சத்தத்திலேயே நோயைச் சொல்கிறவர் அவர். கை பின்னந்தலைக்குப் போய் முடிச்சைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு கை இறங்கி வந்து சோற்றைப் பிசைந்தது. "உப்பு சரியா இருக்கு" என்றார். துணி கன்னம் வரை நனைந்திருந்தது.

சீட்டுகளைத் திறந்த அன்று அப்பா வீட்டுக்குள் வந்து துணியை அவிழ்த்தார். அம்மா தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தாள். கழுத்து நிற்கவில்லை, இமை திறக்கவில்லை.

"பாஸா?" என்றாள்.

"பாஸ்."

"அந்த டீச்சரு?"

"போர்டு முழுக்க எழுதுறாங்கம்மா" என்று அண்ணன் ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து சொன்னான்.

அதற்கப்புறம் அரசாங்கத்தின் முத்திரை வருவதற்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. முத்திரை வந்தது. அப்பா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அண்ணனை இரண்டு கையிலும் ஏந்தி அடுப்படியிலிருந்து கட்டில் வரை நடந்தார். அண்ணன் யாரையும் கேட்காமல் உள்ளே போனான். மூன்றாம் வாரம் அம்மா கண்ணைத் திறந்தாள். திறந்ததும் அப்பாவைத் திட்டினாள்: "என்னங்க இது, சட்டை இப்படித் தொங்குது? நான் பாக்கலைன்னா ஒழுங்கா சாப்பிட மாட்டீங்களா?" தலைமை நிர்வாகி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

இயக்குநர்கள் அண்ணனுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்தார்கள். அவன் ஊர் ஊராக வேலைக்குப் போனான். உப்புத்தண்ணிக்குப் போக இடமில்லை. "நம்ம கூடவே இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஒரு மருந்துக்கு இருபது வயசு முடியும்வரை அதே முகத்தில் வேறு நிறுவனங்கள் வளர்த்த பையன்கள் யாரும் வேலைக்கு வரக் கூடாது என்பது சட்டம். அண்ணனுக்கு இருபது முடிந்த மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. கேட்டில் அண்ணன் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொரு அண்ணன். தெருமுனை வரைக்கும் அண்ணன்கள். ஐதராபாத்திலிருந்து வந்தவனுக்கு மச்சம் கொஞ்சம் தள்ளி இருந்தது. கொரியாவிலிருந்து வந்தவனுக்குச் சுருட்டை முடி. யாரும் குலுங்காமல் நடந்தே வந்திருந்தார்கள். "அப்பா இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வந்து நின்று, ஒவ்வொருவனும் செருப்பைக் கழற்றும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். "நம்ம பிள்ளைங்கதான்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய தாம்பாளம், அது கொள்ளுமட்டும் காப்பித் தம்ளர்கள். பிள்ளைகளுக்குச் சூடு ஆகாதென்று எல்லாவற்றையும் உப்புத்தண்ணி நன்றாக ஆற்றி வைத்திருந்தான், ஒன்றைத் தவிர. அம்மா கூடத்தைக் கடந்தாள். டிவி மேசையைக் கடந்தாள். அங்கே வைக்கவில்லை. வாசல் வரை வந்து, ஆவி பறக்கும் அந்த ஒரு தம்ளரை அப்பாவுக்கு நேராக நீட்டினாள்.

வந்தவர்கள் யாரும் வரலாமா என்று கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார்கள். நான் மாவுப் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தேன்.