மூன்று மாத ஃபைவ் நைன்

சனிக்கிழமை காலை, எங்கள் அமெச்சூர் ரேடியோ கிளப்பின் செயலாளர் யுகேந்திரன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். மூன்று மாதமாக என் சிக்னலில் இரைச்சலாம். மழைக்காலம் நெருங்குகிறதாம். வெள்ள நேரத்தில் எல்லா ரேடியோக்காரர்களையும் ஒருங்கிணைக்கும் கன்ட்ரோல் வேலையை நாளையிலிருந்து அவனே பார்த்துக்கொள்வானாம். நான் சாப்பாட்டுப் பொட்டலங்களுக்குப் பொறுப்பாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வெள்ளத்தில் கிள்ளானில் போனெல்லாம் செத்துக் கிடந்தபோது, எந்தக் கூரையில் யார் நிற்கிறார்கள் என்று படகுக்காரர்களுக்குப் பதினாறு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். தனலெட்சுமி என்றால் பொட்டலம் கட்டுகிறவளா?

அதைவிடப் பெரிய எரிச்சல் இன்னொன்று. ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு நாங்கள் இருபது பேர் ரேடியோவில் கூடுவோம். என் சிக்னல் எப்படி என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். ‘ஃபைவ் நைன்’ என்பார்கள். தெளிவு ஐந்துக்கு ஐந்து, பலம் ஒன்பதுக்கு ஒன்பது என்று அர்த்தம். மூன்று மாதமும் யுகேந்திரன் உட்பட அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். பேசுகிறவளுக்குத் தன் இரைச்சல் கேட்காது. மற்றவர்கள் சொன்னால்தான் உண்டு.

செமினியில் இருக்கும் தாமரைக்குப் போன் போட்டேன். கிளப்பில் எனக்கு நெருக்கம் அவள்தான். உனக்கும் கேட்டதா என்றேன்.

“கேட்டுச்சுக்கா. எல்லாரும் ஃபைவ் நைன்னு சொல்றப்ப நான் மட்டும் எப்படி லா மாத்திச் சொல்றது?”

நல்ல மரியாதைடி உங்கள் மரியாதை என்று திட்டிவிட்டு, ரேடியோவைப் போட்டு என்னைக் கேட்கச் சொன்னேன். நான் மைக்கை அழுத்தினாலே அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்றாள்.

சந்தேகம் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மேல் போனது. நானே கட்டியது, உள்ளே செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மர். கிளப்பில் பாதிப் பேருக்கு அது பழைய இரும்பு. மீட்டரை வைத்தேன். பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட், கச்சிதம். சும்மா இருக்கும்போது எல்லாச் சப்ளையும் யோக்கியம்தான். கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டிச் சுமை ஏற்றினேன். பன்னிரண்டுக்குக் கீழே வழுக்கியது.

இரைச்சல் என்றாலே, மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்தான் காரணம் என்பது எங்கள் கூட்டத்தின் வேதவாக்கு. என் கையும் அதற்குத்தான் போனது. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தைப் பல்பில் வடியவிட்டு, கையிருப்பில் இருந்த புதியதை மாற்றினேன். இன்னும் முனகுகிறது என்றாள் தாமரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெப்பாசிட்டர் போயிருந்தால் சத்தம் இன்னும் மேல் சுருதியில், நொடிக்கு நூறு துடிப்பாக வரும். இது அடித்தொண்டை முனகல், ஐம்பது. வீட்டு மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் பாதிதான் உள்ளே போகிறது.

அந்த அலையை ஒரே திசைக்குத் திருப்புகிற சதுரத் துண்டுதான் ரெக்டிபயர். அதற்குள் நான்கு டையோடுகள். மறுபடி எல்லாவற்றையும் அணைத்து வடியவிட்டு மீட்டரை வைத்தேன். மூன்று உயிரோடு இருந்தன. ஒன்று செத்திருந்தது.

கழற்றிப் புரட்டினேன். அடிப்பாகம் கறுத்திருந்தது. சூட்டைப் பெட்டிக்குக் கடத்தும் வெள்ளைப் பசை ஒரு பொட்டுக்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு முன் அதை மாற்றியவள் நான்தான். அன்று ஞாயிறு. பசை தீர்ந்திருந்தது, மணி எட்டாகப் போனது. அப்புறம் பூசிக்கொள்ளலாம் என்று திருகி முடித்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ரயிலேறி ஜாலான் பாசார் கடைத்தெருவுக்குப் போய் ரெக்டிபயரும் பசையும் வாங்கி வந்தேன். தாராளமாகவே பூசினேன். பல்பை அரை மணி நேரம் எரியவிட்டேன். பதின்மூன்று புள்ளி எட்டு, அசையவில்லை.

தப்பு என்னுடையது என்றால் கன்ட்ரோல் நாற்காலியை விட்டுவிட வேண்டுமா என்று இரவெல்லாம் யோசித்தேன். முடியாது.

ஞாயிறு எட்டு மணிக்கு, யுகேந்திரன் வாயைத் திறப்பதற்குள் மைக்கை அழுத்தினேன்.

“கன்ட்ரோல் தனலெட்சுமி பேசுறேன். மூணு மாசமா என் சிக்னல்ல இரைச்சல். தப்பு என்னோடது, பசை பூசாம விட்டுட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன். அதுக்காக எழுந்து போகப் போறதில்ல. இனிமே மரியாதைக்கு யாரும் எனக்கு ஃபைவ் நைன் சொல்ல வேணாம்.”

முதல் ஆளாகச் சுங்கை பூலோவிலிருந்து யுகேந்திரன் வந்தான்.

“இரைச்சல் இல்லக்கா. நெஜமா இல்ல.” வழக்கம்போல அடுத்ததையும் கேட்டான். “என் சிக்னல் எப்படி?”

பழக்கதோஷம், என் நாக்கும் ஃபைவ் நைன் என்று கிளம்பியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

“த்ரீ செவன். கரகரன்னு இருக்கு தம்பி, ஒரு வருஷமா. சொல்லாம இருந்தது என் தப்பு. அடுத்த ஞாயிறுக்குள்ள சரி பண்ணிடுங்க. அடுத்தது, செமினி. தாமரை, பேசு.”