சின்னத் தழும்பு

அன்றைக்குப் பதினோராவது எண்ணை அழுத்திவிட்டு, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள் நர்ஸ். முட்டி தேய்ந்து வார்டில் ஓடியாட முடியாமல் போனபிறகு இந்த அறையில் உட்கார வைத்து, 'போன் சிஸ்டர்' என்று பட்டமும் கொடுத்திருந்தார்கள். உணவுக்குழாய் பாதியிலேயே மூடிக்கொண்டு பிறக்கிற குழந்தைகளுக்கு, விலா எலும்புகளுக்கு நடுவே கீறித் திறந்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பது ஒரு முறை. மூன்று சின்ன ஓட்டைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டுத் தைப்பது இன்னொன்று. எது மேல் என்று டாக்டர்கள் மூன்று வருடமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வயது நிறையும் சமயத்தில் வீட்டுக்குப் பேசி, பால் இறங்குகிறதா, இருமல் உண்டா, எடை எவ்வளவு என்று கேட்டு எழுதுவது அவள் வேலை.

போனை எடுத்தவர் குழந்தையின் அப்பா, லிஃப்ட் மெக்கானிக். முதல் கேள்வி முடியும் முன்பே, குழந்தை ஏழாம் மாதமே போய்விட்டது என்றார். தைத்த இடம் சுருங்கிச் சுருங்கி, பால் நுரையீரலுக்குள் போய், வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் முடிந்திருக்கிறது. இங்கே யாருக்கும் தகவல் வரவில்லை. வருத்தம் சொல்லிவிட்டு வைக்கப் போனாள். அவர் விடவில்லை.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது அவர்தானாம். பிரசவ வார்டில் படுத்திருந்த மனைவி, திறந்தே செய்யட்டும், கண்ணால் பார்த்துத் தைப்பார்கள் என்று சொல்லியனுப்பியிருந்தாள். பெண் குழந்தையாயிற்றே, உடம்பில் பெரிய தழும்பு எதற்கு என்று இவர்தான் ஓட்டை போடுகிற முறையைக் கேட்டு வாங்கினார். குழந்தை போனதிலிருந்து மனைவி இவரோடு பேசுவதில்லை. தட்டை வைப்பாள், உள்ளே போய்விடுவாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர். திறந்து செஞ்சிருந்தா பொழச்சிருப்பாளா?"

விவரம் அவளுக்கு எதிரே திரையிலேயே இருந்தது. ஆராய்ச்சி முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. சொன்னாள்.

"உங்க குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா இதுவரைக்கும் ரெண்டு முறையிலயும் ஒரே அளவு குழந்தைங்கதான் தவறியிருக்கு."

அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. இதையே மனைவியிடமும் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். போன் கைமாறியது. நர்ஸ் ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னாள்.

மனைவி கேட்டாள்.

"அப்போ எப்படிச் செஞ்சிருந்தாலும் இதேதானாக்கா?"

"அப்படித்தாம்மா தெரியுது."

"இத்தனை நாளும் இந்த மனுஷன் மேல இருந்த கோவத்துலதான் எழுந்து நடமாடிட்டு இருந்தேன். இனி எதை வச்சு எழுந்திருக்கறது?"

மறுமுனையில் மேஜைமேல் போனை வைக்கும் ஓசை வந்தது. யாரும் துண்டிக்கவில்லை. அவர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். எங்கோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து, ஏறி, நிறைந்து, வழியத் தொடங்கியது. யாரும் வந்து மூடவில்லை. நர்ஸ் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.