லோகநாயகி எண்ணாத புழு

லோகநாயகி அக்காவுக்கு எண்ணத் தெரியாது என்று வரதன் சார் சொன்னபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

காட்டூரில் கோதண்டம் அண்ணனின் இரண்டு ஏக்கரில் சோயா மொச்சை ஆராய்ச்சித் திடல் போட்டிருந்தோம். நான் ஒப்பந்தக் களப்பணியாளர். வரதன் சார் எனக்கு மேலதிகாரி. புழு எண்ண ஆள் வேண்டுமென்றபோது அக்காவை அழைத்து வந்தவள் நான்தான். பழவேற்காடு ஏரியில் வலையில்லாமல், வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற குடும்பம் அவருடையது. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அந்த விரல்களுக்கு இலைக்கடியில் ஒளிகிற புழு எம்மாத்திரம்!

எங்கள் திடலின் வடிகால் அந்த ஏரிக்குத்தான் போகிறது. ஆடியில் ஒருமுறை மருந்து அடித்தோம். மூன்றாம் நாள் அக்காவுக்கு உதடெல்லாம் வெந்துபோய், பத்து நாள் கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லை. பறியோடு ஏரித்தண்ணீரும் வாயில்தானே இருக்கிறது?

ஆவணியில் மறுபடி புழு வந்தது. விதி எளிது. பத்து இடங்களில் ஒவ்வொரு மீட்டர் வரிசையை எண்ண வேண்டும். மீட்டருக்கு நான்கு புழுவைத் தாண்டினால்தான் மருந்து. அக்கா எண்ணிச் சொன்னது மொத்தம் இருபது. மீட்டருக்கு இரண்டு. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் வரப்பில் ஸ்பிரேயர் வந்து நின்றுவிட்டது. மறுநாள் மருந்துக் கம்பெனி செலவில் விவசாயிகளுக்கு விழா. பந்தல்கூடப் போட்டாகிவிட்டது. பந்தல் போட்ட பிறகு புழு இல்லையென்றால் எப்படி?

"இன்னா இது, கீதா? ரெண்டு எடத்துல நானே பார்த்தேன், அஞ்சாறு இருக்கு. கைநாட்டுப் பொம்பளைய வெச்சு எண்ணுனா இப்படித்தான்" என்றார் வரதன் சார்.

அக்கா வரப்போரம் போய், அங்கே மடித்து வைத்திருந்த ஆமணக்கு இலையை எடுத்து வந்து பிரித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாய் விறைத்த புழுக்கள்.

"இத்தெல்லாம் செத்தது சார். செத்த எறாலை நாங்க எண்ண மாட்டோம். ஏரியிலயும் திருப்பிப் போட மாட்டோம், எடம் கெட்டுப்பூடும். கரையில ஒரே எடத்துல கொட்டுவோம். அதான் இங்கயும் தனியா சேத்து வெச்சேன்."

எண்ணினேன். முப்பத்தொன்று. ஒரு வார மழை ஈரத்தில் பூசணம் பிடித்துப் புழுக்கள் தானாகச் செத்துக்கொண்டிருந்தன. மருந்துக்கு வேலையே இல்லை. படித்த நான் எண்ணியிருந்தால் இலையோடு ஒட்டிக்கொண்டிருந்த அவற்றையும் சேர்த்தே எண்ணியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

வரதன் சாருக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. "செத்ததும் புழுதான். சேர்த்து அஞ்சுன்னு எழுது."

"மாட்டேன் சார்."

"நீ எழுதாட்டி நான் எழுதிக்கிறேன்." ஸ்பிரேயர்காரரைப் பார்த்துக் கை காட்டினார்.

அக்கா தன் பறியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "நாளைக்கு இத்த வாயில கடிச்சிக்கினு எங்கூட ஏரியில எறங்கு சார். எறங்குறேன்னு சொல்லு, அப்புறம் அடிச்சிக்கோ."

அவர் அதைத் தொடவில்லை. அதிகாரி எது சொன்னாலும் தலையாட்டுகிற கோதண்டம் அண்ணன் அன்று இலையிலிருந்து ஒரு புழுவை எடுத்து நசுக்கினார். அது மாவாய் உதிர்ந்தது.

"செத்த பாம்ப அடிக்க இத்தினி பேரா? மெஷினை எடுத்துக்கினு கெளம்புங்க. நெலம் என்னுது."

மெஷின் போய்விட்டது. விழா நடந்தது. இன்னொரு சொட்டு மருந்து விழாமலே வயல் நன்றாகக் காய்த்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன், அசட்டுத்தனமாக.

இரண்டு மாதம் கழித்து வரதன் சாரின் அறிக்கை வந்தது. 'ஆவணியில் மருந்து தெளித்ததால் புழு முழுமையாகக் கட்டுப்பட்டது. அடுத்த பருவத்தில் ஏரிக்கரை ஊர்களில் நாற்பது வயல்களுக்கு இம்மருந்து பரிந்துரைக்கப்படுகிறது.' பூசணம் கொன்றதை மருந்து கொன்றதாக, பளபளக்கும் தாளில் அச்சடித்த பொய்! அதே வாரம் என் ஒப்பந்தமும் முடிந்தது.

நான் கையெழுத்திட்ட பழைய தாள் என்னிடம் பத்திரமாக இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா இடுப்பளவு தண்ணீரில் இருந்தார். கரையில் நின்றபடி அறிக்கையை உரக்கப் படித்தேன். கேட்டு முடித்துவிட்டுத்தான் வாயிலிருந்து பறியை எடுத்தார்.

"நாப்பது வயலா?"

"ஆமாக்கா."

"எங்காளுங்க அதுக்கு மேலயே கீறோம். வயலுக்கு ஒருத்தரா எறங்கி எண்றோம். உசுரோட கீறத நீ எழுதிக்கோ."

"செத்தது?"

"அத்த ஏரியிலதான் கொட்டக் கூடாது. அந்தாளு மேசையில கொட்டலாம்."