பாப்பாவின் மேஜைச் செடி

எங்கள் மகள் பாப்பா சாலை விபத்தில் போய், துக்கம் கேட்க வந்தவர்களும் ஓய்ந்த பிறகு, அவளோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி அட்டைப் பெட்டியோடு வாசலில் நின்றாள். பெட்டிக்குள் பாப்பாவின் ஆபீஸ் மேஜையில் இருந்த சின்னச் செடி. தடித்தடியான இலைகள் பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் வகை. அடித்தண்டு கறுத்துக் கூழாகிப் போயிருந்தது.

"ஆளாளுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டோம் ஆன்ட்டி. அவ சீட்டைத் தாண்டிப் போறப்பல்லாம் யாராவது ஊத்தினாங்க. பாவமா இருந்துச்சு" என்று அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாவம் பார்க்க இவர்களுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

வழியும் அவளே சொன்னாள். அழுகாத இலைகளை அடிமுனை உடையாமல் முழுசாகக் கழற்ற வேண்டும். காயம் காய்கிற வரை நிழலில் போட வேண்டும். அப்புறம் உலர்ந்த மணல்மேல் சும்மா படுக்க வைத்தால் போதும், தானே வேர் விடும். அதுவரை சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது.

"ஒண்ணுமே செய்யாம இருக்கணும் ஆன்ட்டி. அதுதான் கஷ்டம்."

அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து இலைகளைக் கழற்றினோம். பஸ் ஓட்டிக் காய்த்துப்போன கை அவருடையது. அந்தக் கையால் ஓர் இலையைக்கூட உடைக்காமல் எடுத்தார். பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேச்சை எடுத்தால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் சமையலறைக்கு வந்தால் மற்றவர் ஹாலுக்குப் போய்விடுவோம்.

இந்த இலைகளில் ஒன்று, ஒன்றே ஒன்று பிழைத்தால் போதும். அவள் வளர்த்த ஓர் உயிர் இந்த வீட்டில் மிச்சமிருக்கும். அவ்வளவுதான் நான் கேட்டது. பேராசையா இது?

ஜன்னலோரம் மணல் பரப்பிய தட்டில் இலைகள் மெல்லச் சுருங்க ஆரம்பித்தன. நிமிஷத்துக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தேன். மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறவள் நான். எனக்கா அளவு தெரியாது என்கிற திமிர் வேறு. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் சொட்டுக் குழாயை எடுத்து, அவர் வேலைக்குப் போனதும் இலைக்கு ஒரு சொட்டு விட்டேன். ஒரு சொட்டு என்ன செய்துவிடும்?

இலைகள் கண்ணாடி மாதிரி ஆயின. பிறகு மஞ்சளாகி, தொட்டால் நசுங்கின. மணலைத் திட்டினேன். அடைமழையைத் திட்டினேன். வழி சொன்ன அந்தப் பெண்ணையும் விட்டுவைக்கவில்லை.

ஒருநாள் கடையில் கரன்ட் இல்லை என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். அவர் தட்டின் முன்னால் குனிந்து, பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து ஒவ்வோர் இலைக்கும் சிந்தாமல் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

திருட்டு முழி முழித்தார். "தாகமா இருக்குமேன்னு... ஒரே ஒரு மூடிதான்."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தே."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கைப்பையிலிருந்து சொட்டுக் குழாயை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயுமா?"

ஒரே மாத்திரையை இரண்டு டாக்டரிடம் எழுதி வாங்கி, இரண்டையும் முழுங்கிவிட்டு வருகிறவர்களைக் கடையில் நான் கிழி கிழி என்று கிழிப்பேன். 'ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?' என்று கேட்பேன். நாங்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

அழுகியதையெல்லாம் அள்ளிப் போட்டபோது ஓர் இலை மட்டும் கெட்டியாக இருந்தது. அதன் முனையில் நூலிழை மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு வேர்கூட இருந்தது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாப்பா" என்றார். அவள் போன பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல் முதன்முதலாக வந்தது அப்போதுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று இருட்டும் வரை அவளைப் பற்றியே பேசினோம். சாப்பிடும்போது காலாட்டுவாளே, அதைப் பற்றி. பொய் சொன்னால் காது சிவக்குமே, அதைப் பற்றி. பேசப் பேசத் தாங்க முடியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

அந்த இலையை உலர்ந்த மணலுக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு அவர் தினமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். நானும் தொடவில்லை.

ஒரு காலையில் வேர் கருகியிருந்தது. கருப்பு மெல்ல இலைக்குள் ஏறியிருந்தது.

"நீ தண்ணி விட்டியா?"

"இல்லங்க."

"நானும் விடல."

பொய் இல்லை. அவர் சொன்னதை நான் நம்பினேன். நான் சொன்னதை அவர் நம்பினார். இலை செத்துத்தான் போயிருந்தது.