சாவிக்காரர் கடைமேல் சிவப்பு வட்டங்கள்

கடையின் பக்கப் பலகையில் வெள்ளைச் சாயத்தால் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாவிக்காரர் ஈரத்துணியால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். சாயம் அசைந்து கொடுக்கவில்லை, துணிதான் வெளுத்தது.

கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படிதான். மாடிப்படிக்குக் கீழிருந்து நடைபாதைக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரப்பெட்டி. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்பலகை முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. ஊர் ஊராக, மொழி மொழியாக வந்து சேர்ந்த ஜனங்கள் நிறைந்த தெரு அது. வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்து வைக்க யாருக்கும் பக்கத்தில் ஒரு சித்தியோ மச்சானோ கிடையாது. அதனால் இவரிடம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி மாட்டிவைப்பார். இதற்கு அவர் காசு வாங்கியதில்லை. பூட்டிக்கொண்டு வெளியே நிற்பவர்கள் நேரே இங்கே வந்துதான் அசடு வழிவார்கள்.

போன வருஷம் நகராட்சி இந்தத் தெருவுக்குப் பெரிய தொகை ஒதுக்கியது. வடிகால், அகல நடைபாதை, மரங்கள், விளக்குகள். எங்கே எது வேண்டும் என்று ஜனங்களே சொல்லட்டும் என, தெருவின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சமுதாயக் கூடத்தில் மாட்டினார்கள். இருக்க வேண்டியதன் மேல் பச்சை வட்டம், மாற்ற வேண்டியதன் மேல் சிவப்பு வட்டம் ஒட்டச் சொன்னார்கள். மழை பெய்தால் சாவிக்காரர் கணுக்கால் தண்ணீரில் நின்று வேலை பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக்கடைக்காரர்தான் ஆள் திரட்டினார். ஆளுக்கொரு இடத்தில் ஒட்டினால் ஒன்றும் நடக்காது, அண்ணன் கடை முன்னால் சேர்த்து ஒட்டுவோம் என்றார். ஒட்டினார்கள். வெறும் பாசத்தில் ஒட்டினார்கள். பச்சை வட்டம் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடை இருக்க வேண்டும் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

காலையில் வந்த பெண் பொறியாளர் பொறுமையாகத்தான் பேசினார்.

"ஐயா, உங்க தெருக்காரங்க கேட்டதுதான். இவ்வளவு சிவப்பு வேற எங்கயும் விழல. அதான் கடைய எடுத்துட்டு அங்க பெஞ்சு போடுறோம்."

"அது தண்ணிக்கு ஒட்டினதும்மா. கடைக்கு இல்ல."

பொறியாளர் முகம் சட்டென்று வாடியது. "படத்துல ரெண்டும் ஒரே எடமாத்தான் தெரிஞ்சுது. இப்ப டெண்டர் விட்டாச்சு. மேல வரைக்கும் கேட்டுப் பாக்கறேன், ஆனா நம்பிக்கையா எதுவும் சொல்ல முடியல ஐயா."

திட்டித் தீர்க்க ஒரு ஆள் கிடைத்தால் தேவலை என்று இருந்தது சாவிக்காரருக்கு. தேடிப் பார்த்தால் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்து தொலைத்தார்கள்.

மத்தியானம் ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார்.

"பாத்தீங்களாண்ணே, குறி போட்டுட்டாங்க! வடிகால் வேலை உங்க கடையிலேருந்துதான் ஆரம்பம். நான் மட்டும் நாலு ஒட்டினேன், தெரியுமா?"

அந்தச் சிரிப்பைக் கெடுக்கச் சாவிக்காரருக்கு மனசு வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் வீட்டு மஞ்சள் நூல் சாவியைக் கழற்றி நீட்டினார்.

"கொஞ்ச நாளைக்கு நீங்களே வச்சுக்கங்க. தூசி பறக்கும்."

"சாவிக்கு என்னண்ணே தூசி!" அவரே வாங்கி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அவர் போன சூட்டோடு மாடிக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ் வந்து நின்றாள்.

"அண்ணே, எல்லாரும் உங்ககிட்டதான் குடுத்து வைப்பாங்களாமே. என்னோடதும் இருக்கட்டும்."

பின்பலகையில் ஒரு ஆணிகூடக் காலியாக இல்லை. இல்லை என்று சொல்ல அதுவே நல்ல சாக்கு. ஆனால் அவர் கை பழக்கத்தில் நீல நூலைத் தேடி எடுத்துச் சாவியில் கட்டியது. சுத்தியலை எடுத்துப் பக்கப் பலகையில் புது ஆணி ஒன்றை வைத்து அடித்தார். ஓங்கி அடித்துவிட்டார் போலிருக்கிறது. வெளிப்பக்கம், வெள்ளைச் சாயத்துக்கு நடுவே, ஆணியின் முனை எட்டிப் பார்த்தது.